இடப்பக்கம் அவளுடையது

என் நாத்தனார் ஐந்து வருடமாகக் காரைக்கால் மாவட்டப் பெண்கள் சதுரங்கப் போட்டியில் முதலிடம். இந்த ஐந்து வருடத்தில் அவள் ஒரு ஆட்டமாவது தோற்றிருக்கிறாளா இல்லையா என்பது போன மாதம் வரைக்கும் எங்கள் வீட்டில் ஓயாத வழக்கு. இல்லை என்பது என் கணவர். இல்லவே இல்லை என்பது என் மாமனார். அவளையே கேட்டால் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவாள். தோற்றிருக்கிறாள் என்று சொல்வது நான் ஒருத்திதான். ஏனென்றால் அவள் தோற்றது என்னிடம்.

இதை யாரும் நம்பியதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. போட்டித் தாளில் நான் தோற்றதாகத்தான் எழுதியிருக்கிறது. அதை எழுதியவளும் நானேதான்.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்குச் சதுரங்கம் தெரியாது. அவள் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். வந்த முதல் வாரம், என்ன பேசுவது என்று தெரியாமல் நானும் அவளும் கூடத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மாலை, "குதிரை எப்படிப் போவும்னு தெரியுமா அண்ணி?" என்று கேட்டுப் பலகையை விரித்தாள். அன்றிலிருந்து நான் அலுவலகம் விட்டு வந்து காபி குடித்ததும் ஒரு ஆட்டம். காய்ச்சல் வந்தாலும் உண்டு, புயல் எச்சரிக்கை என்றாலும் உண்டு.

நான் அரசு அலுவலகத்தில் எழுத்தர். அதனால் இந்த வீட்டில் பேனா என் கையில். ரேஷன் கார்டா, கேஸ் புத்தகமா, வங்கிப் படிவமா, எல்லாம் என்னிடம் வரும். மாமனார் கொம்யூன் பஞ்சாயத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்கத் தாள் பார்த்த மனிதர்கூட, "நம்ம மருமக எழுத்து அச்சு மாதிரி இருக்கும்" என்று பேனாவை என்னிடம் தள்ளிவிடுவார். ஆட்டக் கணக்கும் அப்படித்தான் என்னிடம் வந்தது. ஒரு நீள நோட்டு வாங்கி, ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் ஒரு கோடு போட்டேன். கோட்டுக்கு இடப்பக்கம் அவளுடையது, வலப்பக்கம் என்னுடையது. யார் வெள்ளைக் காய் ஆடினார்கள், யார் கறுப்பு என்றெல்லாம் பார்ப்பதில்லை. எது ஆடினாலும் இடப்பக்கம் அவள்தான். ஜெயித்தால் ஒன்று, தோற்றால் சைபர், சமன் என்றால் ஆளுக்கு அரை.

ஒன்பது வருடத்தில் மூன்று நோட்டு முடிந்தது. என் பக்கம் அங்கங்கே சில அரைகள் உண்டு. மற்றதெல்லாம் முட்டை. "உன் பக்கத்தப் பாத்தா கோழிப்பண்ணை மாதிரி இருக்கு" என்பார் என் கணவர். அவர் சதுரங்கம் ஆடமாட்டார், கருத்து மட்டும் சொல்வார்.

போன வருடம் மாவட்டப் போட்டிக்கு என் பெயரையும் அவளே கொடுத்துவிட்டாள். ஒரு பள்ளிக்கூடத்தின் மாடிக் கூடத்தில் போட்டி. ஏழு சுற்று. நான்காவது சுற்றுக்குச் சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்தால் எனக்கு எதிரில் அவள் பெயர். வீட்டில் ஆடுவதை ஊருக்கு நடுவில் ஆடப்போகிறோம் என்று இருவருக்கும் சிரிப்பு. எனக்கு வெள்ளைக் காய்.

அந்த ஆட்டத்தைப் பற்றி நான் பெருமையாகத்தான் சொல்வேன், அடக்கமெல்லாம் கிடையாது. ஒன்பது வருடமாக அவள் என்னை எங்கே குத்துவாள் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் முன்கூட்டியே ஒரு சிப்பாயை நகர்த்தி வைத்துவிட்டேன். அவள் ராணி உள்ளே வந்தது, வெளியே போக வழியில்லை. ராணி போன பிறகும் ஒரு மணி நேரம் போராடினாள். கடைசியில் அவள் ராஜா மூலையில், என் யானை வாசலில். கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கை நீட்டினாள். அவள் கை சில்லென்று இருந்தது.

ஆட்டம் முடிந்ததும், நகர்த்தல்களை எழுதிவந்த தாளின் அடியில் முடிவை எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். மேல் தாள் நடுவருக்கு, கார்பன் நகல் நமக்கு. பேனா வழக்கம்போல என் கையில். இடப்பக்கம் சைபர், வலப்பக்கம் ஒன்று என்று எழுதினேன். ஒன்பது வருடமாக அந்த நோட்டில் எழுதக் காத்திருந்தது அதுதான். இடப்பக்கம் அவள், அவளுக்குச் சைபர். வலப்பக்கம் நான், எனக்கு ஒன்று. கையெழுத்துப் போட்டுத் தாளை அவளிடம் தள்ளினேன். அவளும் போட்டாள்.

போட்டித் தாளில் இடப்பக்கம் வெள்ளைக் காய் ஆடுபவருடையது, அதாவது என்னுடையது. அது எனக்கு நினைவுக்கு வந்தது எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டுக் கை கழுவி, அடுத்த சுற்றுப் பட்டியலைப் பார்த்தபோதுதான். அவளுக்கு நான்கு புள்ளி, எனக்கு இரண்டு. நடுவரிடம் ஓடினேன். அதற்குள் கடிகாரங்களை ஓட விட்டாயிற்று.

"ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுருக்கீங்கம்மா. அடுத்த ரவுண்டும் ஆரம்பிச்சாச்சு. இனிமே நான் என்ன செய்ய?" என்றார் அவர். நல்ல மனிதர்தான், என்னைப் பார்க்க அவருக்கே பாவமாக இருந்தது.

அவள் ஏழுக்கு ஏழு எடுத்துக் கோப்பை வாங்கினாள். என்னிடம் தோற்றதாகவே வைத்தாலும் கோப்பை அவளுக்குத்தான், இரண்டாவதாக வந்த பெண் அவ்வளவு பின்னால் இருந்தாள். அதனால் கோப்பையைப் பற்றி எனக்கு மனக்குறை இல்லை. வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்போது விஷயத்தைச் சொன்னேன். என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். மாமனார், "தாள்ல என்ன இருக்கோ அதாம்மா கணக்கு" என்றார். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "ஏதோ கொழப்பம்ப்பா" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு ஆறவில்லை. என் தவறுக்கு நான் அழலாம், அவள் மேல் கோபப்பட முடியாது. ஆனால் 'அண்ணிதான் ஜெயிச்சாங்க' என்று சொல்ல அவளுக்கு வாய் வலிக்கிறதா? ஒரு வருடம் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டே தினமும் அவளோடு ஆடினேன், தினமும் தோற்றேன். கோப்பையைத் தூசி துடைத்து வைப்பதும் நான்தான்.

போன மாதம் ஒரு படிவம் வந்தது. நகரத்தில் ஒரு தனியார் பள்ளியில் சதுரங்கப் பயிற்சியாளர் வேலை. எம்.எஸ்சி. முடித்துவிட்டு ஒரு கணினி மையத்தில் நிரந்தரம் இல்லாத வேலையில் ஓடிக்கொண்டிருந்தவளுக்கு, பிடித்த ஆட்டமே வேலையாக வருகிறது. ஒரே ஒரு இடம். புதுச்சேரியிலிருந்தும் ஆட்கள் போடுவார்கள் என்று பேச்சு. படிவத்தில் ஒரு கட்டம்: கலந்துகொண்ட போட்டிகள், வெற்றி தோல்வி விவரம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். காரைக்கால்மேட்டிலிருந்து என் கணவர் வாங்கி வந்த கொடுவா மீன் குழம்பு வயிற்றில் கனத்துக் கிடந்தது. சாப்பாட்டு மேசையைத் துடைத்துப் படிவத்தைப் பரப்பினோம். நான் பேனாவைத் திறந்தேன்.

"அஞ்சு வருசம், முப்பத்தஞ்சு ஆட்டம், ஒன்னுகூடத் தோக்கலன்னு எழுது. பெருசா எழுது" என்றார் என் கணவர்.

"நான் எழுத மாட்டேன்" என்றேன்.

"ஆரம்பிச்சுட்டியா?"

"பொய்ய என் கையால எழுத மாட்டேங்க. வேணும்னா நீங்க எழுதிக்கொடுங்க."

மாமனார் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்குக் கோபம் வந்தால் அதுதான் அடையாளம். "ஏம்மா, சர்டிபிகேட்ல அஞ்சு வருசமும் தோல்வி இல்லைன்னு சீல் குத்திக் குடுத்துருக்கான். படிவத்துல ஒரு தோல்வின்னு நாம எழுதுனா, ரெண்டும் ஒத்துவரல்லன்னு தூக்கிப் போட்டுருவான். புள்ளைக்கு வேலை கெடைக்கணுமா வேணாமா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. உள்ளே போய், பீரோவில் என் சான்றிதழ்களோடு வைத்திருந்த கார்பன் நகலை எடுத்து வந்து அவர் முன்னால் போட்டேன். அவர் அடியில் இருந்த எண்களை மட்டும் பார்த்தார். "நீ தோத்ததாத்தான போட்டுருக்கு?"

"அடியில பாக்காதீங்க மாமா. ஆட்டத்தப் பாருங்க. பலகையில வச்சுக் காட்டுறேன்."

பலகையை விரித்தேன். நான் காய்களை அடுக்கும்போது, கறுப்புக் காய்களை அவளே இழுத்து அடுக்கினாள். தாளைப் பார்த்துப் பார்த்து நான் ஒவ்வொன்றாக நகர்த்தினேன், அவள் தன் காய்களை நகர்த்தினாள். பத்து நகர்த்தல் போனது. பதினைந்து போனது. கார்பன் எழுத்து மங்கியிருந்தது, ஓர் இடத்தில் நான் தடுமாறிக் குதிரையைத் தூக்கினேன்.

"குதிரை இல்ல அண்ணி. மொதல்ல யானை. அப்பறந்தான் குதிரை" என்றாள்.

தாளைப் பார்த்தேன். யானைதான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தாள் ஆரம்பத்திலிருந்து என் பக்கம்தான் திரும்பியிருந்தது. அவள் அதை ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை. ஒரு வருடத்துக்கு முன்னால் ஆடிய ஆட்டத்தை, ஒவ்வொரு நகர்த்தலாக, தன் வீட்டு முகவரி மாதிரி மனதில் வைத்திருக்கிறாள். என் கணவரும் அதைக் கவனித்துவிட்டார். சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ராணி மாட்டியது. சிப்பாய்கள் விழுந்தன. ராஜா மூலைக்குப் போனது, என் யானை வாசலுக்கு வந்தது. அவள் அந்தக் கறுப்பு ராஜாவை ஒற்றை விரலால் படுக்க வைத்தாள்.

"அப்ப தோத்துட்டியா?" என்றார் மாமனார்.

"தோத்துட்டேம்ப்பா."

"பின்ன ஏன் அன்னிக்கே சொல்லல?"

அவள் என்னைப் பார்த்துப் பேசினாள். "கையெழுத்துப் போடறப்பவே பாத்துட்டேன் அண்ணி. இடப்பக்கம் வெள்ளைன்னு எனக்குத் தெரியாதா? நீங்க நம்ம நோட்டு மாதிரி எழுதிட்டீங்கன்னு ஒடனே புரிஞ்சுது. சொல்லிடலாம்னுதான் வாயத் தொறந்தேன். வரல. அப்பறம் ஒவ்வொரு நாளும் சொல்லணும் சொல்லணும்னு நெனைப்பேன். நீங்க நோட்டத் தொறந்து எனக்கு ஒன்னு போடுவீங்க, நான் பேசாம இருந்துடுவேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வந்ததா, இத்தனை நாள் என்னோடு சேர்ந்து அவளும் இதைச் சுமந்திருக்கிறாள் என்பதில் வந்ததா, தெரியவில்லை. திட்டவேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் எதிரில் உட்கார்ந்திருந்தவள் முகத்தைப் பார்த்தபோது திட்ட மனம் வரவில்லை. "சரி விடு. உங்கப்பா சொல்றதும் சரிதான். வேலை முக்கியம். நீ சொல்றத எழுதறேன்" என்று பேனாவை எடுத்தேன்.

அவள் என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டாள். படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். இந்த வீட்டில் அவள் தானே நிரப்பிய முதல் படிவம் அது. அவள் எழுத்து ஒன்று மேலே ஏறும், ஒன்று கீழே இறங்கும். ஐந்து ஆண்டுகள் முதலிடம் என்று எழுதினாள். ஆடிய ஆட்டங்கள் முப்பத்தைந்து. தோல்வி ஒன்று. அதற்குப் பக்கத்தில் இடமே இல்லை. ஓரத்தில் நெருக்கி, "என் அண்ணியிடம்" என்று எழுதினாள்.

மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் படித்தார். மின்விசிறியை ஒரு கட்டம் கூட்டி வைத்துவிட்டு உள்ளே படுக்கப் போனார்.

பத்து நாள் கழித்துப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. போய்விட்டு மாலையில் திரும்பினாள். வண்டியை நிறுத்திய சத்தம் கேட்டதும் நான் வாசலுக்கே போய்விட்டேன்.

"என்ன கேட்டாங்க?"

"சர்டிபிகேட்டையும் படிவத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுகிட்டு, யாரு இந்த அண்ணின்னு கேட்டாங்க."

"என்ன சொன்னே?"

"நடந்ததச் சொன்னேன். எங்க அண்ணி நல்லா ஆடுவாங்க, எழுதறப்பதான் கோட்டை விட்டுடுவாங்கன்னேன்."

"வேலை?"

"யோசிச்சுச் சொல்றோம்னாங்க." செருப்பைக் கழற்றி உள்ளே வந்தாள். "காபி குடிச்சிட்டீங்களா? ஆடலாமா?"

ஆடினோம். இருபத்தெட்டாவது நகர்த்தலில் தோற்றேன். நோட்டைத் திறந்து, கோட்டுக்கு எந்தப் பக்கம் யாருடையது என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, ஒன்றை அவள் பக்கம் போட்டேன். அவள் என் தோளுக்கு மேலே எட்டி, சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள்.