கிழக்குத் துறைமுகத்தில் அம்மா சொன்ன பதில்

1. கப்பல் காலையில் இலங்கையின் கிழக்குக் கரைத் துறைமுகத்தை அடைந்தது.
2. சுங்கத்தில் அம்மாவின் பையைத் திறந்தார்கள். ஏலக்காய் வாசனை வந்தது. மூடிவிட்டார்கள்.
3. குடிவரவு மேசையில் இருந்தவர் அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டார்.
4. அம்மா உண்மையைச் சொன்னாள்.
5. நான் கரையிறங்கினேன். அம்மா இறங்கவில்லை.

ஊர் திரும்பியதிலிருந்து இதை இந்த வரிசையிலேயே பலருக்குச் சொல்லிவிட்டேன். எல்லோரும் நான்காவதில் நிறுத்துகிறார்கள். "உண்மையச் சொன்னா எதுக்கு விடமாட்டேங்குறாக?" என்று சின்னமனூர் அத்தை கேட்டார். அதற்குப் பழைய கதை கொஞ்சம் வேண்டும்.

அம்மா பிறந்தது மாத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அங்கிருந்த தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பியபோது, ஏழு வயதில், தன் அப்பா அம்மாவோடு கப்பலேறி தேனிப் பக்கத்து மார்க்கையன்கோட்டைக்கு வந்தாள். பெரியம்மா வரவில்லை. அதற்கு முன்பே பக்கத்துத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்; அங்கேயே இருந்துவிட்டார். இங்கே பள்ளியில் சேர்க்கும்போது, பிள்ளையை யாரும் சிலோன்காரி என்று கூப்பிடக் கூடாதென்று, பிறந்த ஊர் மார்க்கையன்கோட்டை என்று தாத்தா எழுதவைத்தார். அது மாற்றுச் சான்றிதழுக்குப் போனது. அங்கிருந்து அம்மாவின் சத்துணவு மைய வேலைக்கான பதிவேட்டுக்கும், கடைசியில் கடவுச்சீட்டுக்கும் போனது. வீட்டில் யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை. நிரப்பியாகிவிட்ட ஒரு கட்டம், அவ்வளவுதான்.

அக்காவும் தங்கையும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போனில் முகம் பார்த்துப் பேசுவார்கள். நேரில் பார்த்து ஐம்பது வருடத்துக்கு மேலாகிறது. விமானத்தில் போகலாம் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். "வந்தது கப்பல்ல. போனாலும் கப்பல்லதான்" என்பாள். எனவே சென்னையிலிருந்து கிளம்பி இலங்கையில் இரண்டு துறைமுகங்களைத் தொட்டுத் திரும்பும் சுற்றுலாக் கப்பலைப் பற்றித் தெரிந்ததும் பதிவு செய்துவிட்டேன். இரண்டாவது துறைமுகத்துக்குப் பெரியம்மா பஸ்ஸில் வந்துவிடுவார். கப்பல் சாயங்காலம்வரை நிற்கும். அப்பா வரவில்லை. அது தோட்டத்தில் திராட்சைக்கு மருந்தடிக்கும் சமயம்.

நான் ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளின் கட்டுப்பாட்டு அறையில் பொறியாளர். ஒரு காற்றாலையை நிறுத்தித் திறப்பதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று பட்டியல் வைத்திருப்போம். பயணத்துக்கும் அப்படியே ஒன்று போட்டேன். பழம் கூடாது, விதை கூடாது, சமைத்த உணவு கூடாது. அம்மா துணிக்கு நடுவில் செருகியிருந்த பன்னீர் திராட்சையை இரண்டு முறை வெளியே எடுத்தேன். பெரியம்மாவுக்கென்று வைத்திருந்த காய்ந்த ஏலக்காயை மட்டும் விட்டுவைத்தேன்.

"ஒரு கொத்து திராட்சைக்கு ஒரு நாடே கெட்டுப்போகுமாக்கும்?" என்றாள்.

"சட்டம்மா."

"பெரிய சட்டம். எங்கக்கா திம்பான்னு வச்சேன்."

பைக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதை மட்டும்தான் நான் சரிபார்த்தேன்.

தெற்குக் கரைத் துறைமுகத்தில் எல்லாம் சுலபமாக முடிந்தது. வரிசையில் நின்றோம், கப்பலில் கொடுத்த அட்டையைக் காட்டினோம், முகத்தையும் படத்தையும் ஒத்துப் பார்த்தார்கள், முத்திரை விழுந்தது. அங்கிருந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அம்மா சிரித்தாள், அவரும் சிரித்தார். அடுத்த துறைமுகத்தில் மறுபடியும் இதே வரிசை என்றார்கள். ஒரு முறை பார்த்துவிட்டதால் எனக்குப் பயம் போய்விட்டது.

கிழக்குத் துறைமுகத்தில் மேசையில் இருந்தவர் தமிழர். என் வயதுதான் இருக்கும். அம்மாவைப் பார்த்து, "எந்த இடத்தில இருந்து வாறீங்கள் அம்மா?" என்றார். சாதாரண விசாரிப்புதான். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"தேனிப் பக்கம் தம்பி. ஆனா பொறந்தது இங்கனதான். மாத்தளை."

அவர் கடவுச்சீட்டைப் பார்த்தார், மறுபடி அம்மாவைப் பார்த்தார். "இதில இந்தியாவில பிறந்தது எண்டு கிடக்கே?"

"அது எங்கப்பா பள்ளிக்கூடத்துல எழுதுனது தம்பி."

எங்களைப் பக்கத்து அறையில் உட்காரவைத்தார்கள். மேலதிகாரி வந்தார். அவர்கள் சிங்களத்தில் பேசிக்கொண்டார்கள். கப்பல் நிறுவனத்தின் ஆள் ஒருவர் வந்து சுவரோரம் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அந்த இளைஞர் அம்மாவின் எதிரில் குனிந்து மெதுவாகப் பேசினார்.

"அம்மா, யோசிச்சுச் சொல்லுங்கோ. உங்கட அப்பா அம்மாதான் இங்க இருந்தவை. நீங்கள் பிறந்தது இந்தியாவில. அப்படித்தானே?"

வழி விடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. ஓர் "ஆமாம்" போதும். பெரியம்மா துறைமுக வாசலுக்கு வந்துவிட்டதாகச் செய்தி அனுப்பியிருந்தார்.

"ஆமான்னு சொல்லும்மா" என்றேன்.

"எங்கக்கா வாசல்ல நிக்கிறா. அவ ஊர்லயே ஒக்காந்துக்கிட்டு, நான் இங்கன பொறக்கலன்னு சொல்லச் சொல்றியாத்தா?"

"இத்தன வருசமாச் சொன்னதுதானம்மா?"

"நான் எங்க சொன்னேன்? எழுதுனாக. நான் பேசாம இருந்தேன்."

கோபமே இல்லாமல்தான் சொன்னாள். பிறகு அந்த இளைஞரிடம் திரும்பி, தோட்டத்தின் பெயரையும் அவர்கள் இருந்த லயத்து வரிசை வீட்டையும் சொன்னாள். அவர் எழுதிக்கொள்ளவில்லை. சொல்வதும் கடவுச்சீட்டில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை, விசாரித்து முடிக்க நேரமில்லை, கப்பல் இன்றே கிளம்புகிறது, எனவே இவர் கப்பலிலேயே இருக்கட்டும் என்று மேலதிகாரி முடிவு செய்தார். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். அம்மா பையை என் மடியில் வைத்தாள். "நீ போ. அவ வெயில்ல நிப்பா."

வாசலில் பெரியம்மா என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். என் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்.

"ஒங்கம்மா எங்க புள்ள?"

எதிரே தேநீர்க்கடையில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன்.

"கிறுக்கி" என்றார். "ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த சொல்லிட்டு வந்திருக்கலாம்ல? நான் முட்டி வலியோட பஸ் மாறி மாறி வந்தேன். நான் அவ அக்கான்னு அந்த ஆபிசர் சொல்லித்தான் தெரியணுமாக்கும்?"

அம்மாவைப் போனில் அழைத்துக் கொடுத்தேன். பெரியம்மா போனைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார். உள்ளிருந்து அம்மா "அக்கா, அக்கா" என்று கூப்பிடுவது கேட்டது. "இந்த மொகத்தத்தான் வாராவாரம் பாக்குறேனே" என்றார். நான் அழைப்பைத் துண்டித்தேன்.

அவர் மூன்று சோற்றுப் பொட்டலம் கொண்டுவந்திருந்தார். சமைத்ததைக் கப்பலுக்குள் கொண்டுபோக முடியாது. இரண்டை நாங்கள் பிரித்துச் சாப்பிட்டோம். மூன்றாவதை ஓர் ஆட்டோக்காரரிடம் கொடுத்தார். அந்தக் கடையிலிருந்து பார்த்தால் கப்பலின் மேல்தளங்கள் தெரியும். கம்பியோரம் நிறையப் பேர் நின்றார்கள். "இதுல யாரு அவ?" என்றார். எனக்கும் தெரியவில்லை. பெரியம்மா கையைக் கண்ணுக்குமேல் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஏலக்காய்ப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

அம்மாவைச் சரி என்று சொல்லவும் என்னால் முடியவில்லை, தப்பு என்று சொல்லவும் முடியவில்லை. "ஆமான்னு சொல்லு" என்று நான் சொன்னதைப் பற்றி நானும் அம்மாவும் இதுவரை பேசியதில்லை.

இப்போதைய நிலவரம் இதுதான். பிறந்த ஊரைத் திருத்த அம்மாவின் பிறப்புச் சான்று வேண்டும். அதை இலங்கையில்தான் தேடி வாங்க வேண்டும். தேடக்கூடியவர் பெரியம்மா ஒருவர்தான். திருத்தினால் வேலைப் பதிவேட்டையும் திருத்த வேண்டிவரும். ஓய்வு பெறப்போகும் நேரத்தில் அதைக் கிளற வேண்டாம் என்கிறார் அப்பா. பெரியம்மா இங்கே வரலாமென்றால் அவரிடம் கடவுச்சீட்டு இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவும் தங்கையும் பேசிக்கொள்கிறார்கள். பெரியம்மா கேமராவைப் போடுவதில்லை. திருத்த விண்ணப்பத்தை நாங்கள் இன்னும் போடவில்லை.