கூரை விளிம்பை அடைத்தது யார்?

என் தம்பி புதுச் சட்டை வாங்கினால் முதலில் அதை உள்பக்கமாகத் திருப்பித் தையலைப் பார்ப்பான். பிறகுதான் நிறத்தைப் பார்ப்பான். பாலை முகர்ந்து பார்க்காமல் குடிக்க மாட்டான். வீட்டுக்கு வந்தவர் படியிறங்கியதும், "இவரு எதுக்கு வந்தாரு?" என்பான். "சும்மா பாத்துட்டுப் போக வந்தாருடா" என்றால், "சும்மா யாரு வருவா?" என்பான். அவனோடு வேலை செய்கிறவர்கள் அவனுக்குச் 'சந்தேகம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். காலையில் போன் செய்து, "அக்கா, சந்தேகம் கிளம்பிடுச்சா?" என்று கேட்பார்கள். "இப்பதான் கிளம்பிச்சு" என்று நானும் சொல்வேன்.

அவனுடைய பிழைப்பே அந்தக் குணத்தில்தான் நடக்கிறது. சாய்வான கூரைக்கும் அதற்குக் கீழே அடித்த சீலிங்குக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது அல்லவா, அதற்குக் காற்று விடுவது அவன் தொழில். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் யாரும் எட்டிப் பார்க்காத அந்த இடம்தான் வெயில் காலத்தில் வீட்டை வேக வைக்கிறது. குளிர் காலத்தில் அடுப்பு ஆவி, ஈரத் துணியின் ஆவி, மனிதர் மூச்சு எல்லாம் மேலே ஏறி, சில்லிட்ட தகரத்தில் பட்டுத் தண்ணீராகி, சீலிங்கில் சொட்டுகிறது. வீட்டுக்காரர்கள் கூரை ஒழுகுகிறது என்று நினைத்துத் தார் பூசிக்கொண்டே இருப்பார்கள். என் தம்பி கூரையின் இரண்டு விளிம்புகளிலும் அடிப்பக்கம் நீளமாக ஒரு சந்து வெட்டி, அதைச் சுற்றி மரச் சட்டம் வைத்து, பூச்சி நுழையாமல் வலை அடிப்பான். உச்சியில், முகட்டு ஓரமாக இன்னொரு திறப்பு விட்டு, மழை விழாதபடி மூடி போடுவான். கீழே நுழைகிற காற்று மேலே வெளியேறும். ஈரத்தையும் சூட்டையும் கையோடு கொண்டு போய்விடும்.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு சீலிங் அடிக்கும் ஆட்களோடு போனவன் இதைக் கற்றுக்கொண்டதே ஒரு கூத்து. ஒரு நாள் கால் வைக்கக் கூடாத பலகையில் கால் வைத்து, சீலிங்கை உடைத்துக்கொண்டு கீழே யாருடைய கட்டிலிலோ போய் மல்லாந்து விழுந்தான். எல்லோரும் ஓடிவந்து எலும்பு உடைந்ததா என்று பார்த்தார்கள். இவன் படுத்தபடியே மேலே கறுத்துக் கிடந்த சட்டங்களைக் காட்டி, "மழையே பெய்யாத மாசத்துல இது எப்படி நனைஞ்சுது?" என்று கேட்டானாம். அந்தக் கேள்வியை அவன் விடவேயில்லை.

இப்படிப்பட்டவனுக்கு ஒரு பெண்ணைப் பிடித்துப்போனது பைண்டிங் கடையில்.

எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி அந்தக் கடை. கீழே கடை, மாடியில் வேலை செய்யும் கூடம், அதற்கு மேல் சாய்வான தகரக் கூரை. வெயிலில் அட்டைகள் வளைந்துபோகின்றன என்று பைண்டர் கூப்பிட்டார். வேலை முடிந்து வந்த அன்று தம்பி கை கழுவிக்கொண்டே, "அக்கா, பைண்டரோட பொண்ணு ஒரு புஸ்தகத்த முடிச்சா, கீழ வைக்கறதுக்கு முன்னாடி நாலு மூலையையும் தொட்டுப் பாக்குது" என்றான். நான் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அவன் வாயிலிருந்து இன்னொருவரைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை நான் அதுவரை கேட்டதில்லை.

எங்கள் அப்பா இல்லை. அம்மாவால் நடக்க முடியாது. அதனால் பெண் கேட்டு நான்தான் போனேன். பைண்டர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. "பொண்ணுக்கு இஷ்டம்தான்னு தெரியுது. ஆனா எனக்கு ஆளத் தெரியாதும்மா, வேலையத்தான் தெரியும். வருசா வருசம் குளிர்ல சீலிங் நனையுது. இந்தக் குளிர் போகட்டும். கூரை காஞ்சிருந்தா பேசுவோம்" என்றார்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய தம்பி, தகர வேலைக்காரர், அந்தக் கூரையைப் போட்டவரே அவர்தான், வெற்றுச் சுவரைப் பார்த்து, "நல்லா இருந்த கூரைல ஓட்டை போட்டுட்டு, காயும்னு வேற காத்திருக்கணுமாம்" என்றார்.

குளிர் வந்தது. கூரை காயவில்லை. அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. முன்பு ஈரத் திட்டாக இருந்தது இப்போது சொட்டத் தொடங்கியது. ஒரு நூலகத்துக்காகக் கட்டி அடுக்கியிருந்த புத்தகங்களின் மேலட்டையில் கறுப்புப் புள்ளி பூத்துவிட்டது. பைண்டர் போன் செய்து, "தம்பி, நீ வர்றதுக்கு முன்னாடி இவ்வளவு இல்லப்பா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

தம்பி இரண்டு முறை போய்ப் பார்த்தான். வெளியே ஏணி போட்டு வலையைத் துடைத்தான், தூசிகூட இல்லை. முகட்டு மூடி சரியாக இருந்தது. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தான். அவன் வைத்த சட்டம் வைத்தபடி இருந்தது. வீட்டுக்கு வந்து சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பான்.

"அந்தத் தகரக்காரர் ஏதோ பண்ணியிருக்காரு அக்கா."

"என்னடா பண்ணுவாரு?"

"தெரியல. போன தடவ நான் ஏணி ஏறும்போது சிரிச்சாரு."

"சிரிச்சா குத்தமா?"

"எதுக்குச் சிரிக்கணும்?"

எனக்கும் அந்தச் சந்தேகம் ஒட்டிக்கொண்டது. தகரக்காரர் வேறு ஓர் இடத்தைப் பெண்ணுக்குப் பார்த்து வைத்திருக்கிறார் என்று எங்கள் தெருவில் பேச்சு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் கிளம்பியபோது நானும் கூடக் கிளம்பினேன். சண்டை வந்தால் இவனைப் பிடித்து இழுத்துவர ஓர் ஆள் வேண்டும்.

கூடத்தில் பசை வாசனை. பெரிய மேசையில் பைண்டர் அட்டை வெட்டிக்கொண்டிருந்தார். பெண் சன்னலோரம் உட்கார்ந்து தாள்களைத் தைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்துத் தலையசைத்தாள். கண்ணில் கலக்கம் தெரிந்தது. தகரக்காரர் முன்னமே வந்து நாற்காலியை நிறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வாப்பா, குடை கொண்டு வந்தியா? உள்ள மழை" என்றார்.

தம்பி சீலிங்கில் ஆள் ஏறும் ஓட்டைக்குக் கீழே ஏணியை வைத்தான். ஏறுமுன் ஒரு மெல்லிய தாளைக் கிழித்து அந்த ஓட்டையின் ஓரத்தில் பிடித்தான். தாள் விறைத்து மேலே இழுபட்டது. என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னான்: "பாத்தியா, முகட்டுத் திறப்பு இந்தக் கூடத்துக் காத்த இழுக்குது. விளிம்பு வழியா வந்தா இங்க இருந்து ஏன் இழுக்கணும்? பசை ஆவி எல்லாம் மேல போகுது. அதான் முன்னவிட அதிகமா சொட்டுது."

"அப்ப விளிம்பு அடைச்சிருக்கா?"

"வலை சுத்தமா இருக்கே."

மேலே ஏறினான். விளிம்புப் பக்கம் கூரை தாழ்ந்து சந்தாகிவிடும். அவன் தோள் நுழையாது. நீளமான கட்டை ஒன்றை உள்ளே விட்டு, தான் வைத்த சட்டத்தைத் தட்டுவது கீழே கேட்டது. டொக், டொக் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் தொப்பென்று மாறியது. பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அதற்கப்புறம் ஏதோ கிழிகிற ஓசை.

இறங்கி வந்தபோது அவன் முகம் சிவந்திருந்தது. கையில் முழ நீளத்துக்கு ஒரு பழுப்புத் தாள். மரத்தின் அதே நிறம். மேசை மேல் போட்டான்.

"சார், உள்ள இருந்து யாரோ சந்த ஒட்டி அடைச்சிருக்காங்க. ரெண்டு பக்கமும், முழு நீளத்துக்கும். சட்டத்தோட கலர்லயே இருக்கறதால டார்ச்சு வெளிச்சத்துல ஏமாந்துட்டேன்."

"யாரோன்னா?" என்றார் தகரக்காரர். "எதுக்கு என்னப் பாத்துக்கிட்டே சொல்றே?"

"ஓட்டை போடாதேன்னு சொன்னது நீங்கதானே."

"சொன்னேன். இப்பவும் சொல்றேன். அதுக்காக எலி மாதிரி ஊர்ந்து போயி ஒட்டுவேனா? என் வயித்தப் பாருடா. உன் தோளே நுழையாத சந்துல இது நுழையுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பிக்கு வரவில்லை. "ஆள் வெச்சு செஞ்சிருக்கலாம்" என்றான்.

தகரக்காரர் எழுந்தே விட்டார். "அண்ணே, இவனுக்கா பொண்ணு குடுக்கப் போற? நாளைக்கு உன்னையே திருடன்னு சொல்லுவான்!"

பைண்டர் அது எதையும் காதில் வாங்கவில்லை. தாளைக் கையில் எடுத்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார். ஓரம் உள்ளே மடித்து ஒட்டப்பட்டிருந்தது. மூலை சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. ஒரு கொப்புளம் இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. நான் தையல் கம்பெனியில் துணி சரிபார்க்கிறவள். தையலைப் பார்த்ததும் இது எந்த மெஷின், யார் கை என்று எனக்குத் தெரிந்துவிடும். அப்போது என் முகம் எப்படி மாறுமோ அப்படித்தான் அவர் முகமும் மாறியது. அவர் தலை சன்னல் பக்கம் திரும்பியது.

பெண் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள்.

"அப்பா, நான்தான்."

அவளே சொன்னாள். நான் பெண் கேட்டுப் போன மறுநாள், தம்பி எப்படிச் செய்திருக்கிறான் என்று பார்க்க மேலே ஏறியிருக்கிறாள். இரண்டு ஓரமும் நீளத்துக்கு வெளிச்சக் கோடு தெரிந்திருக்கிறது. "நம்ம வேலைல மூட்டு வழியா வெளிச்சம் தெரிஞ்சா ஒட்டினது சரியில்லன்னுதானே அர்த்தம்? இவரு மறந்துட்டாருன்னு நெனச்சேன். நீங்க பாத்தா வேண்டாம்னு சொல்லிடுவீங்க. அதான் கெட்டிப் பசை போட்டு, படுத்துக்கிட்டே போயி, ரெட்டைத் தாளா ஒட்டிட்டேன்."

"கூரை சொட்டினப்பவாவது சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் பைண்டர்.

"நான் அடைச்சும் சொட்டுதே, அடைக்காம இருந்தா இன்னும் எவ்வளவு சொட்டும்னுதான் நெனச்சேன்."

தம்பிக்கு முகத்தில் ஈயாடவில்லை. தகரக்காரரைப் பார்த்து, "சித்தப்பா, தப்பா பேசிட்டேன்" என்றான்.

"ஓ, இப்ப மட்டும் சித்தப்பாவா?" என்று அவர் மறுபடி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். குரலில் பாதிக் கோபம் போயிருந்தது.

பெண் விடவில்லை. தம்பிக்கு நேராக வந்து நின்றாள். "ஊர்ல எல்லார் மேலயும் சந்தேகப்படறீங்க. என்மேல ஏன் வரல?"

"வரல."

"அதான் ஏன்?"

"நீங்க எதச் செஞ்சாலும் சரியா செய்வீங்கன்னு..."

"சரியாத்தான் செஞ்சேன்! அது அடைக்கக் கூடாத சந்துன்னு யாரு எனக்குச் சொன்னாங்க? ஒரு வாரம் தலைக்கு மேல வெட்டினீங்க, தட்டினீங்க. எதுக்குன்னு ஒரு வார்த்தை? வாயத் திறந்தா முத்து கொட்டிடுமா? நாளைக்கு ஒரே வீட்டுல இருந்தாலும் இப்படித்தான் நானா ஊகிச்சுக்கணுமா? அப்படின்னா நானும் யோசிக்கணும்."

பைண்டர் வேண்டாம் என்பார் என்றுதான் இத்தனை நாள் பயந்திருந்தேன். இவள் சொல்வாள் என்று நினைக்கவேயில்லை. தம்பியின் முதுகில் ஒரு குத்து விட்டேன். "பேசுடா."

அவன் மேசையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நடுவில் மடித்துக் கூரைபோல வைத்தான். முதலில் தடுமாறினான். விளிம்பு, முகடு, ஆவி என்று துண்டு துண்டாகச் சொன்னான். அவள் குறுக்கே குறுக்கே கேட்டாள். தூசி வராதா? மழைச் சாரல் அடித்தால்? மேலே மட்டும் திறந்துவிட்டால் போதாதா? ஒவ்வொன்றுக்கும் அவன் அட்டையைத் திருப்பி, தாள் துண்டைப் பிடித்துக் காட்டி, கீழே இருந்து ஊதிப் பதில் சொன்னான். அவன் பிறந்ததிலிருந்து பார்த்துவருகிறேன், என் தம்பி ஒரு நாளும் அவ்வளவு பேசினதில்லை. தகரக்காரர்கூட முன்னால் குனிந்து, "அப்ப நான் போட்ட தகரத்துல கோளாறு இல்ல, அதானே?" என்று கேட்டார். "தகரம் நல்ல தகரம்தான் சித்தப்பா" என்றதும், "அத மொதல்ல சொல்ல வேண்டியதுதானே" என்று பெருமூச்சு விட்டார்.

கேட்டு முடித்ததும் பெண் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். "நான் ஒட்டினத நானே கிழிக்கிறேன். உங்களுக்கு அங்க தோள் நுழையாது. ஏணியப் பிடிங்க." அவன் பிடித்தான். மேலே அவள் ஊர்ந்து போவதும் தாள் கிழிவதும் நெடுநேரம் கேட்டன. ஒரு மூலையில் ஊர்வதை நிறுத்தி, "இதையும் எடுக்கணுமா?" என்று குரல் கொடுத்தாள். "அது வேண்டாம், அது சட்டம்" என்று இவன் கீழேயிருந்து கத்தினான். "சட்டம்னா எதுக்கு?" என்றாள். அதற்கும் விளக்கம் சொன்னான்.

பைண்டர் கிழிந்து விழுந்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் கிளம்பும்போது, "காயட்டும்" என்றார். அவ்வளவுதான்.

அதன் பிறகு அவர் என்ன செய்தார் என்பதைப் பெண்தான் பின்னால் என்னிடம் சொன்னாள். காலையில் எழுந்ததும் மேசை மேல் ஏறி, மை ஒற்றும் தாள் ஒன்றைச் சீலிங்கில் அழுத்திப் பார்ப்பாராம். ஒரே இடத்தில் பார்த்தால் நம்ப முடியாது என்று தினமும் வேறு வேறு இடமாம். சொட்டு நின்ற பிறகும் பார்ப்பதை நிறுத்தவில்லை. மகளே சொல்லிச் சிரித்தாள்: "உங்க தம்பியாவது தேவல அக்கா."

எங்கள் வீட்டில் தம்பி ஒரு பக்கம் மருகிக்கொண்டிருந்தான். "ஏன் இன்னும் கூப்பிடல? தகரக்காரர் ஏதாவது சொல்லியிருப்பாரோ?" என்பான். "மறுபடியுமா!" என்று நான் அதட்டினால் அடங்கிவிடுவான், அரை மணி கழித்து, "பொண்ணுதான் யோசிக்குதோ?" என்று ஆரம்பிப்பான். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான், காட்டிக்கொள்ளவில்லை.

குளிர் விலகும் சமயத்தில் ஒரு நாள் காலையில் பைண்டரே எங்கள் வாசலில் வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து மை ஒற்றும் தாளை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார். தம்பி அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். கன்னத்தில் வைத்துப் பார்த்தான். நன்றாகக் காய்ந்திருந்தது.

"உள்ள வாங்க சார்" என்றேன் நான்.

"அம்மா எங்க இருக்காங்க?" என்று கேட்டுக்கொண்டே அவர் செருப்பைக் கழற்றினார். "அவங்களால நடக்க முடியாதுன்னு பொண்ணு சொன்னா. அதான் நாள் குறிக்க நானே வந்துட்டேன்."