ஜெறினுக்குப் பதினோராம் ரேங்க் கிடைத்த கதை

போன வாரம் இருபத்திரண்டு பையன்களுக்கு நான் ரேங்க் போட்டேன். வாத்தியார் வேலை எதுவும் கிடைத்துவிடவில்லை. கால்பந்து!

விஷயம் இதுதான். வெளியூர் தொழில்முறை அணி ஒன்று – பெயர் வேண்டாம், பிழைத்துப் போகட்டும் – இந்த வருஷம் கல்லூரிகளிலிருந்து நேரடியாக ஆள் எடுக்கிறதாம். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். மாவட்டத்துக்கு ஒரு பட்டியல். அதில் முதல் ஐந்து ரேங்க்குக்குள் வருகிறவர்களை மட்டும் பயிற்சி முகாமுக்குக் கூப்பிடுவார்கள். ஆறாவது ஆள்? அவன் வீட்டிலிருந்து டிவியில் பார்த்துக்கொள்ளலாம்.

நம் மாவட்டப் பட்டியலுக்கு மூன்று பேர் கொண்ட கமிட்டி. அதில் நான் ‘உள்ளூர் நிபுணர்’. என்ன தகுதி என்று கேட்கிறீர்களா? கல்லூரியில் இரண்டு வருஷம் லெஃப்ட் பேக் ஆடியிருக்கிறேன். பிறகு, இந்தப் பத்தியில் மாதம் ஒரு முறையாவது கால்பந்தை இழுத்துவந்து உங்களைப் படுத்துகிறேனே... அது போதாதா?

இரண்டாவது ஆள் தங்கராஜ். களியக்காவிளையில் பெரிய ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். கால்பந்து ஆர்வலர் சங்கத்துக்குத் தலைவர். அவருடைய ஆர்வம் எல்லாம் தலைவராக இருப்பதில்தான். மூன்றாவது, அணி அனுப்பிய அனலிஸ்ட் கார்த்திக். சென்னைக்காரர், முப்பது வயதுகூட இருக்காது. ஒரு லேப்டாப், இரண்டு கேமரா, பெட்டி நிறைய ஒயர். பந்தை மட்டும் அவர் தொட்டு நான் பார்க்கவில்லை.

ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு கல்லூரி மைதானத்தில் மூன்று நாள் தேர்வு. முதல் நாள் முழுக்க அளந்தார்கள். உயரம், எடை, தொடைச் சுற்றளவு, கெண்டைக்கால் சுற்றளவு. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். இங்கே அது ஒன்றுதான் பாக்கி.

அப்புறம் தலைமைப் பண்பு. அதை எப்படி அளப்பது? ஒரு தாளில் இருபது கேள்விகள் கொடுத்துவிட்டார்கள். ‘உங்கள் அணி தோற்கும்போது நீங்கள் என்ன உணர்கிறீர்கள்?’ என்று ஒரு கேள்வி. ஒரு பையன், ‘தோற்றுவிட்டோம் என்று உணர்வேன்’ என்று எழுதியிருந்தான். இருபத்திரண்டு தாள்களிலும் எனக்குப் பிடித்த ஒரே பதில் அதுதான். அவனுக்குப் பத்துக்கு மூன்று. பக்கத்தில் இருந்தவன், ‘தோல்வி என்பது வெற்றியின் முதல் படி’ என்று எழுதி ஒன்பது வாங்கிக்கொண்டு போனான்.

தங்கராஜ் அண்ணாச்சியின் முறை இன்னும் எளிது. பையன் மைதானத்துக்குள் கால் வைத்ததும் ஒரே கேள்விதான் – “இவன் யாருக்க மகன்?” பதில் தெரிந்துவிட்டால் ஆட்டத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு கோல்கீப்பர் நேராகக் கைக்கு வந்த பந்தைக் கோட்டை விட்டான். அண்ணாச்சி அசரவில்லை. “அவனுக்க அப்பன எனக்கு அறியும். நல்ல குடும்பமாக்கும்” என்றார். நல்ல குடும்பத்துக்கு எட்டு மார்க்!

நான் மட்டும் ஒழுங்கா? அங்கேதான் வருகிறேன். அதற்கு முன்னால் என் பிரதாபம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம் நாள் நாற்பது மீட்டர் ஓட்டம். காலையில் பாதிப் பேர் ஓடினார்கள். மதியம் வெயில் ஏறியதும் விருந்தினர் பந்தலைத் தூக்கி மைதானத்தின் மறுபக்கம், மர நிழலில் போட்டார்கள். ஓடி முடிக்கும் கோடு விருந்தினர் கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டாமா? எனவே கோட்டையும் மாற்றினார்கள். மீதிப் பேர் எதிர்த்திசையில் ஓடினார்கள்.

சாயங்காலம் கார்த்திக் லேப்டாப்பைப் பார்த்து வியந்துபோனார். காலையில் ஓடியவர்கள் அத்தனை பேரும் வேகமாம். மதியம் ஓடியவர்கள் அத்தனை பேரும் மந்தமாம். “இன்ட்ரஸ்டிங் பேட்டர்ன் சார்” என்றார். சாப்பாடு காரணமாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம் வேறு.

நான் அவரை வெளியே கூட்டிக்கொண்டு போய், மலையடிவாரத்தில் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்த மின்சாரக் காற்றாடிகளைக் காட்டினேன். ஆனி மாதம். ஆரல்வாய்மொழிக் கணவாய். நின்றுகொண்டிருந்த எங்கள் சட்டையே உடம்பை விட்டுப் பறக்கப் பார்த்தது. காலையில் ஓடியவர்களைப் பின்னால் நின்று காற்று தள்ளியிருக்கிறது. மதியம் ஓடியவர்கள் நெஞ்சில் காற்றைத் தாங்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். இதற்கு லேப்டாப் எதற்கு? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவனுக்கே தெரியும்!

மறுநாள் எல்லோரையும் ஒரே திசையில் ஓட வைத்தார்கள். பட்டியல் தலைகீழானது. கொளச்சலுக்கு மேற்கே கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்த ஜெறின் என்ற பையன் பத்தாவது இடத்திலிருந்து மூன்றாவது இடத்துக்கு வந்தான். நடுக்களத்தில் ஆடுகிறவன். பி.காம். கடைசி வருஷம். அடுத்த வருஷம் அவன் எந்தக் கல்லூரியிலும் இருக்க மாட்டான், ஆகவே எந்தப் பட்டியலிலும் இருக்க மாட்டான். இதில் விட்டால் மாமாவோடு வளைகுடாவுக்கு மீன்பிடிக்கப் போக வேண்டியதுதான் என்று அவனே சொல்லியிருந்தான். பாஸ்போர்ட் தயார்.

அவன் ஆட்டத்தைக் கடைசி இரண்டு நாளும் பார்த்தேன். பந்து வருவதற்கு முன்பே வர வேண்டிய இடத்தில் போய் நிற்பான். அளக்க முடியாத விஷயம் அது. நான்தான் அவனைக் காப்பாற்றினேன் என்று எனக்குள் ஒரே பெருமை. கார்த்திக் வேறு அன்று முழுக்க என்னை ‘சார்... சார்...’ என்று தாங்கினார். மனிதன் கெட்டுப்போக இதைவிட என்ன வேண்டும்?

கடைசியாக வீடியோ. ஒவ்வொரு பையனும் தான் ஆடிய மேட்ச் ஒன்றின் வீடியோவைக் கொடுக்க வேண்டும். ஜெறின் கொடுத்தது அவன் ஊர்த் திருவிழாவில் நடந்த மேட்ச். கடற்கரையை ஒட்டிய மணல் மைதானத்தில் யாரோ மொபைலில் எடுத்தது. பத்தொன்பது நிமிஷம் ஓடும் வீடியோவில் நாங்கள் பார்த்தது ஒரு நிமிஷம்கூட இருக்காது.

அந்த ஒரு நிமிஷத்தில் என்ன நடந்தது? ஜெறின் பந்தோடு வருகிறான். ஒருவனைத் தாண்டுகிறான். முன்னால் பாய்ந்து வந்த கோலியையும் ஏமாற்றி மணலில் விழ வைக்கிறான். எதிரே கோல் காலி. தட்டிவிட வேண்டியதுதான் பாக்கி. அப்போது சட்டென்று நின்றான். வலப்பக்கம் பார்த்தான். பந்தை அப்படியே போட்டுவிட்டு ஓடியே போய்விட்டான்!

கார்த்திக் வீடியோவை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். “சார், நீங்கதான் லோக்கல். இது என்ன?” என்று கேட்டார்.

வாசகர்களே, எனக்குத் தெரியாது. அதுதான் உண்மை. ‘தெரியாது’ என்பது நாலே எழுத்து. சொல்லியிருக்கலாம். சொன்னேனா? காற்றையே கண்டுபிடித்துச் சொன்னவன் ஆயிற்றே நான்! சிரித்துக்கொண்டே, “கடற்கரைப் பையன்கள் அப்படித்தான் தம்பி. திருவிழா மேட்ச் என்றால் கூத்து. சீரியஸ்னெஸ் கிடையாது” என்றேன். தங்கராஜ் அண்ணாச்சியும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். கார்த்திக் அதை அப்படியே டைப் அடித்தார்.

போட்டி மனப்பான்மை – பத்துக்கு ஒன்று. மூன்றாவது இடத்தில் இருந்த ஜெறின் பதினோராவது இடத்துக்குப் போனான். பட்டியல் அன்றே அணிக்குப் போய்விட்டது.

அதோடு விட்டேனா? இல்லை. நல்ல பையன் இப்படிக் கெட்டுப் போகிறானே என்று, போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, அவன் ஊருக்கே போய்ப் புத்தி சொல்லக் கிளம்பினேன். நான் நாகர்கோவில் பக்கத்து வயக்காட்டு ஆள். கடல் முக்கால் மணி நேர தூரம்தான். வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் சூரிய உதயம் காட்டக் கூட்டிக்கொண்டு போவேன். எனக்கும் கடலுக்கும் அவ்வளவுதான் பழக்கம்.

அதே மணல் மைதானம். பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஜெறின் என்னைப் பார்த்ததும் ஓரமாக வந்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் வாங்கிப் போட்டான். நான் உட்கார்ந்து ஆரம்பித்தேன். விளையாட்டு என்றால் தவம்... கவனம் சிதறக் கூடாது... வாய்ப்பு கதவைத் தட்டும்போது... இப்படியெல்லாம். கேட்டுக்கொண்டிருந்தவன், கரையிலிருந்து ஒரு சத்தம் வந்ததும் எழுந்தான். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே ஓடினான்.

அவன் மட்டுமில்லை. இரண்டு அணியும் ஓடியது. ரெஃப்ரி விசிலை வாயில் வைத்தபடியே ஓடினார். சுண்டல் விற்றுக்கொண்டிருந்தவர் பாத்திரத்தை வைத்துவிட்டு ஓடினார். ஆனி மாதத்து அலைக்கு நடுவே ஒரு வள்ளம் கரையேற முடியாமல் பக்கவாட்டில் திரும்பித் தத்தளித்துக்கொண்டிருந்தது. அடுத்த அலைக்குள் இழுக்காவிட்டால் கவிழ்ந்துவிடும் என்பது எனக்கே புரிந்தது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, முப்பது நாற்பது பேர் தோள் கொடுத்து, அதைக் கரையில் ஏற்றினார்கள். அத்தனை பெரிய கடற்கரையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரே ஜீவன் நான்தான்.

சொட்டச் சொட்டத் திரும்பி வந்தவன், “செல்லுங்க சார்” என்றான், நான் சொல்லிக்கொண்டிருந்ததை விட்ட இடத்திலிருந்து கேட்கத் தயாராக.

 அந்த வீடியோவிலும் இதுதானா என்று கேட்டேன்.

“ஆமா சார். வள்ளம் கரை பிடிக்கும்போ கை குடுக்கணும். யாருக்க வள்ளம்னு நோக்கப்பிடாது. கோல் எங்க போவும்? அங்கதானே நிக்கும்” என்றான்.

பிறகு அவனே சந்தேகத்தோடு கேட்டான். “நீங்க அதுக்குப் பொறவு உள்ளத பாக்கலியா?”

பார்க்கவில்லை என்றேன். அவனுடைய ரேங்க்கையும், அதற்கு நான்தான் காரணம் என்பதையும் சொன்னேன். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொஞ்ச நேரம் ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டு நின்றான். “இப்ப மாத்த முடியாதா சார்?” என்று மட்டும் கேட்டான்.

அங்கிருந்தே கார்த்திக்குக்குப் போன் போட்டேன். பாவம், பதறிப்போனார். ஆனால் பட்டியல் பூட்டியாகிவிட்டதாம். முதல் ஐந்து பேருக்குக் கடிதமும் போய்விட்டதாம். “சார்... நான் உங்களைக் கேட்டேனே சார்” என்றார். மூன்று நாளாக நான் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்த அந்தப் பையன்! தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, தெரிந்தவரிடம் கேட்க வேண்டும் என்ற அறிவு எங்கள் மூவரில் அவருக்கு மட்டும்தான் இருந்திருக்கிறது. கேட்ட ஆள்தான் சரியில்லை.

கார்த்திக் அணிக்கு விவரமாக ஒரு கடிதம் எழுதுகிறேன் என்றிருக்கிறார். எழுதுவார். நடக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை. ஜெறினிடமும் அப்படியே சொன்னேன். இந்த ஒரு விஷயத்திலாவது பொய் சொல்ல வேண்டாம் என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்து அந்த வீடியோவை முழுதாகப் பார்த்தேன். ஜெறின் ஓடியதும் படம் ஒரு ஆட்டம் ஆடி, கோணலாக நிற்கிறது. படம் எடுத்தவனும் மொபைலை எங்கோ சாய்த்து வைத்துவிட்டு ஓடியிருக்கிறான். அப்புறம் மைதானத்தில் ஆள் இல்லை. காலிக் கோல். அதற்கு முன்னால் பந்து. பத்து நிமிஷத்துக்கு மேல் அது அப்படியே கிடக்கிறது. ஒரு நாய் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போகிறது.

பிறகு இரண்டு அணியும் நனைந்துபோய் வருகிறது. ஆளாளுக்கு அவரவர் விட்டுப்போன இடத்தில் போய் நிற்கிறார்கள். கோலி வருகிறான். நேராகப் போய்க் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? அவன் அங்கே போகவில்லை. ஜெறின் தன்னை ஏமாற்றி விழ வைத்த இடத்தைத் தேடிப் பிடித்து, மணலில் அப்படியே விழுந்துகொள்கிறான். ரெஃப்ரி விசில் ஊதுகிறார். ஜெறின் பந்தைத் தட்டுகிறான். கோல். ஒருவனும் தகராறு பண்ணவில்லை.

எங்கள் படிவத்தில் எத்தனையோ கட்டங்கள் இருந்தன. இதை எழுத ஒரு கட்டம் இல்லை. இருந்திருந்தாலும் நான் பார்த்திருக்க வேண்டுமே!

நேற்று தங்கராஜ் அண்ணாச்சி போன் பண்ணினார். அடுத்த வருஷக் கமிட்டிக்கும் நான்தான் உள்ளூர் நிபுணராம், சங்கத்தில் ஏகமனதாகத் தீர்மானம் போட்டுவிட்டார்களாம். மாட்டேன் என்றேன். அடக்கத்தில் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, “எங்க ஊர உங்கள விட யாருக்கு அறியும்?” என்றார்.

பதினோராவது ரேங்க்கில் ஒருவன் இருக்கிறான், அவனைக் கேளுங்கள் என்றேன். பேனா எடுக்க ஒரு நிமிஷம் இருக்கச் சொல்லிவிட்டு, அண்ணாச்சி சாவகாசமாகக் கேட்டார் – “அவன் யாருக்க மகன்?”