ராஜம்மா அக்காவும் வேகாத பிசினும்

ராஜம்மா அக்கா இறந்த செய்தியை அவர் தங்கை ஃபிஜியின் சபேட்டோவிலிருந்து தொலைபேசியில் சொன்னார். அரை மணி நேரத்துக்குள் சிட்னியிலும் ஆக்லாந்திலும் இருக்கும் எங்கள் பழைய ஆய்வக நண்பர்கள் புகழ்மாலை அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். மேதையாம், தெய்வமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரை வேலையை விட்டுத் துரத்தியபோது இந்த வாய்கள் எங்கே போயிருந்தன?

ஃபிஜித் தலைநகர் சுவாவின் ஆய்வகத்தில் அக்காவோடு நாங்கள் நிலக்கரியை ஆராய்ந்தோம். கரிக்குள் பழைய மரங்களின் வேதித் தடயங்கள் இருக்கும். எந்த மரம் என்று சில சொல்லும். மண்ணுக்கடியில் எவ்வளவு வெந்தது என்று சில சொல்லும். நவுவாப் பக்கம் துளையிட்டு எடுத்த கரியில் டக்குவா என்ற உள்ளூர் மரத்தின் பிசின் தெரிந்ததும், புதுக் கண்டுபிடிப்பு என்று மேலதிகாரி துள்ளிக் குதித்து அறிக்கையை அனுப்பிவிட்டார். அக்கா மறுபடி பார்த்தார்.

"கரி நல்லா வெந்திருக்கு, பிசின் மட்டும் பச்சையா இருக்கே. இத எதுல வச்சிருந்தீங்க?"

வைத்தவன் நான். பிளாஸ்டிக் பையில் வைத்தால் அதன் எண்ணெய் கரியில் ஒட்டும் என்று, சிகடோகாவில் வாங்கிய மண்பானையில் போட்டு வைத்திருந்தேன். அங்கே பெண்கள் சூடான பானையில் டக்குவாப் பிசினைத் தேய்த்துத்தான் மெருகேற்றுவார்கள். ஃபிஜியில் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். பானையின் பிசின்தான் கரியில் ஒட்டியிருக்கிறது என்று இந்தப் படித்த முட்டாளுக்குத் தோன்றவில்லை.

அக்கா அறிக்கையைத் திரும்பப் பெற்று, "தவறு என்னுடையது" என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"ஒனக்கு விசா பேப்பர் நடக்குது தம்பி. இப்ப பேர் கெட்டா நின்னுடும். நான் எங்க போகப் போறேன்?" என்றார்.

சில மாதங்களில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இந்திய வம்சாவளியான எங்களவர்களை வேலையிலிருந்து வெளியேற்றச் சாக்குத் தேடியவர்களுக்கு அந்தக் கையெழுத்து, வெறும் வாயை மென்றவனுக்கு அவல் கிடைத்த மாதிரி. கவனக்குறைவு என்று ஒரே வரி எழுதி அக்காவை வீட்டுக்கு அனுப்பினார்கள். பானை யாருடையது என்று ஆய்வகம் முழுக்கத் தெரியும். ஆளாளுக்கு வெளிநாட்டுக் கடிதத்துக்குக் காத்திருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். கோழைகள்.

நான் வெளிநாட்டில் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருமுறை ஊருக்குப் போனபோது அக்காவைப் பார்த்தேன். கரும்பு வெட்டுபவர்களுக்குச் சமைத்துக்கொண்டிருந்தார். "அங்க கரி எப்படி, நல்லா வெந்திருக்கா?" என்று சிரித்தார். திட்டித் தொலைத்திருக்கலாம். அந்தச் சிரிப்பின் மேலும் எனக்குக் கோபம்தான்.

பதினாறாம் நாள் காரியத்தில் என் பெயர் சொல்லி இதைப் படிக்கும்படி அவர் தங்கைக்கு அனுப்புகிறேன். அக்காவின் நினைவாக என்னிடம் இருப்பது அவர் கையெழுத்திட்ட அந்தப் பக்கத்தின் நகல் ஒன்றுதான். வாழ்நாளில் அவர் எழுதிய ஒரே பொய் அதில் இருக்கிறது. அதைத் தின்றுதான் இத்தனை வருடம் பிழைத்தேன்.