ரோஸ்விட்டாவின் நரி

எங்கள் சைஃபன் மலையூரில் மரபொம்மை செய்யும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மிருகம். எவன் போட்ட சட்டமோ. ரோஸ்விட்டா வீட்டுக்கு மாடு. ஈர மரத்தைக் கடைசல் எந்திரத்தில் சுழலவிட்டுப் பெரிய வளையமாகக் கடைந்து, கேக் வெட்டுவதுபோல் துண்டு போட்டால், துண்டுக்கு ஒரு மாடு கிடைக்கும். வெட்டும்வரை உருவம் கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும்.

மாடென்றாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் அப்பா எவால்டிடம், "இன்னிக்கு நரி கடையப் போறேன்" என்றாள்.

"நரி பக்கத்து வீட்டுக்காரன் சொத்துடி."

"இருக்கட்டும்ப்பா. நான் சாகுற வரைக்கும் மாடுதான் மேய்க்கணுமா?"

மதியம்வரை கடைந்தாள். உளியை வைத்து வளையத்தைப் பிளந்தாள். அகன்ற வாய், கனத்த வயிறு, தொங்கும் மடி.

எவால்ட் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு. கொம்பை ஒட்டிடு."