கறித்தூள் அன்ரியும் காலாவதியான கிளிகளும்

சந்திரனுக்கு ரொக்கெட் விட்டவர்கள் கொஞ்சம் தள்ளி நிற்கட்டும். ஜெகதீஸ்வரி அன்ரி செத்தல் மிளகாய் வறுத்தால் கொழும்பில் வெள்ளவத்தை முழுக்கத் தும்மும், காலி வீதியில் நிற்கிற பஸ்களும் தும்மும், நடுக்கடலில் போகிற கப்பலின் கப்டன் கைக்குட்டை தேடுவார். இதில் கப்பல் மட்டும்தான் பொய்.

அன்ரி எங்கள் ஒழுங்கையின் எதிர்ப்பக்க ஃபிளாட்டில், முதலாம் மாடியில் இருக்கிறார். யாழ்ப்பாணக் கறித்தூள் செய்து, வெளிநாடு போகிறவர்களின் சூட்கேசில் திணித்து அனுப்புவதுதான் அவருடைய தொழில். யார் எப்போது பறக்கிறார்கள் என்று விமான நிலையத்துக்குத் தெரிவதற்கு முன்பே அன்ரிக்குத் தெரிந்துவிடும். ஆனாலும் ஆசை ஒன்று: ஊரார் சூட்கேசை நம்பியிருக்காமல், பெயர் போட்ட பையில், இன்டர்நெட்டில் விற்க வேண்டும்.

இங்கேதான் நான் நுழைகிறேன். ஓ லெவல் பரீட்சையில் கணக்கில் இரண்டு தரம் விழுந்த பிறகு போன் திருத்தும் கடையில் நிற்கிறேன். இன்டர்நெட்டில் எது கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று பார்ப்பது என் பொழுதுபோக்கு. அப்படி அகப்பட்டதுதான் ‘ஏழுகிளி’ டொட் கொம். கொட்டாஞ்சேனையில் மில் வைத்து ஏழுகிளித் தூள் விற்றவர்கள் எப்போதோ கனடா போய்விட்டார்கள். வெப்சைட் முகவரியைப் புதுப்பிக்காமல் விட்டதால் அது காலாவதியாகி விற்பனைக்கு வந்திருந்தது. அன்ரி பெயரில் வாங்கிக் கொடுத்தேன்.

முகவரி திறந்ததுதான் தாமதம், ஓடர்கள் வந்து விழுந்தன. பாரிசிலிருந்து ஒருவர், ஏழுகிளி திரும்ப வந்துவிட்டதா என்று கேட்டு, அழுகிற முகங்களை வரிசையாகப் போட்டிருந்தார். அன்ரி அகப்பையோடு பால்கனிக்கு ஓடி வந்தார்.

“டேய் ஜனா, அடுத்த ஓடர் நோர்வேயாமடா.”

ஒழுங்கை முழுக்க அது கேட்டது. உடனே முடிவும் எடுத்துவிட்டார். சேர்த்த சீட்டுக்காசு முழுவதையும் போட்டு, ஏழு கிளிப் படத்தோடு பை அச்சடிப்பது.

மேல்மாடியில் சட்டம் படிக்கிற தாரிகா அக்காவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பதிவுகளைத் தேடிப் பார்த்தார். கிளிப் படமும் பெயரும் இங்கேயும் கனடாவிலும் இன்னும் அந்த மில்காரர் பெயரிலேயே பதிவில் இருந்தன. அவர்கள் அங்கே இப்போதும் அதே தூளை விற்கிறார்களாம். முகவரி காலாவதியானால் பெயரும் காலாவதியாகிவிடாது என்றார். அச்சடித்து விற்றால் வழக்கு வரும், பைகள் குப்பைக்குப் போகும், முகவரியையும் பறித்துக்கொள்வார்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டு, பரீட்சை மண்டபத்துக்குப் போய் போனையும் நிறுத்திவிட்டார்.

நான் ஓடிப்போய் அன்ரியிடம் சொன்னேன். கடையை எடுத்தால் போர்டையும் சேர்த்துத்தானே எடுக்கிறது என்று கேட்டார். வெள்ளவத்தையில் முதல் முதலாளியின் பெயரை மூன்றாவது முதலாளி தூசு தட்டி மாட்டியிருக்கிற கடைகள் உண்டுதான். அதோடு, முன்பொருநாள் மாநகர சபை மிளகாய் வறுக்கத் தடை போட்டுவிட்டது என்று சொல்லி, சூடான சட்டியோடு அவரைக் குளியலறைக்குள் ஒளிய வைத்தவன் நான். என் வாயிலிருந்து வரும் உண்மைக்கு அந்த வீட்டில் மதிப்பில்லை. பின்னேரம் அச்சகத்துக்குக் காசு கட்டப் போவதாகச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்.

ஆகவே உண்மையைப் பொய்யில் சுற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. நண்பன் ஷாமிலின் போனை வாங்கி, எங்கள் வெளிப்படிக்கட்டில் நின்று அன்ரியை அழைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, ஏழுகிளியின் லோயர் ஆனேன்.

“அம்மா, முகவரிக்கு நீங்கள் காசு குடுத்தது சரி. பேருக்கு ஆர் குடுத்தது? பையில கிளிப் படம் அடிச்சால் வழக்குக்குக் கோட்ஸுக்குத்தான் வரவேணும்.”

“அப்ப வந்த ஓடரை என்ன செய்யிறது, லோயர் ஐயா?”

இதை நான் எதிர்பார்க்கவில்லை.

“நாங்கள் ஏழுகிளி இல்லை எண்டு எல்லாருக்கும் எழுதுங்கோ. முகவரியை விட்டிட்டு உங்கட பேரிலயே வில்லுங்கோ. உங்கட தூளுக்குக் கிளி ஒண்டும் தேவையில்லை.”

கடைசி வசனத்தை உலகத்தில் எந்த லோயரும் சொல்லமாட்டான். அந்த நேரம் பார்த்து, பேக்கரிச் சாமான் விற்கிற பாண் ஓட்டோ தன் பாட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் திரும்பியது. ஒரு காதில் தெருவிலிருந்து கேட்டது. மற்றக் காதில் அன்ரியின் போனிலிருந்து கேட்டது.

“லோயர் ஐயா, உங்கட கோட்ஸுக்குள்ளயும் பாண் ஓட்டோ வருதோ?”

நிமிர்ந்தேன். எதிர்ப் பால்கனியில் போனோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொய் சொல்லேக்க நீ நடுவில சிரிச்சிடுவாய். இண்டைக்குச் சிரிக்கேல்லை. அதாலதான் பயந்திட்டன். கிளி வேண்டாம், என்ர பேரையே அடிக்கச் சொல்லுறன். இப்ப மூக்கை விட்டிட்டு, ஓட்டோவை மறிச்சு ரெண்டு மாலுபாண் வாங்கிக்கொண்டு மேல வா.”