சிவப்புத் தரையில் பூத்த உப்பு

தரை போடுவதென்றால் முதலில் ஆளைப் பார்க்க வேண்டும், கல்லை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது அன்றைக்கு என் கட்சி. துறைமுகத்தில் சரக்கு இறக்கும் இடத்தில் எனக்கு வேலை. மூட்டையைக் குத்திப் பார்க்காமல் எதையும் நம்பாத பிழைப்பு. ராயபுரத்தில் வாடகைக்கு இருந்துவிட்டு, அறுபதுகளின் கடைசியில் காலடிப்பேட்டையில் சொந்தமாக இரண்டு அறையும் ஒரு கூடமும் எழுப்பினேன். மேல்தளம் முடியும்வரை சும்மா இருந்த சந்தேகம், தரை என்று வந்ததும் தலைதூக்கியது.

மனைவிக்கு மொசைக் மேல் ஆசை. கடைக்காரர் காட்டிய மாதிரிக் கல் பளபளத்தது. எண்ணெய் தடவியிருக்கிறான் என்று கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்தேன். எண்ணெய் இல்லை. அதனாலேயே சந்தேகம் கூடியது. காட்டுவது ஒன்று, வண்டியில் ஏற்றுவது வேறொன்றாக இருக்கும் என்று எழுந்து வந்துவிட்டேன். கடப்பாக் கல்லில் வெடிப்பு இருந்தால் மை பூசி மறைப்பார்கள் என்று யாரோ சொன்னார், அதுவும் போயிற்று. கடைசியில் சிவப்பு சிமெண்ட் தரை என்று முடிவானது. கண் முன்னால் கலந்து கண் முன்னால் பூசுவதில் என்ன ஏமாற்ற முடியும்? அதுவும் பூசப்போகிறவர் என் மனைவியின் அண்ணன். ராயபுரத்தில் தரை வேலை என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

அப்போதும் என் மனம் ஆறவில்லை. எங்கள் பக்கம் ஆற்று மணல் என்று சொல்லிக் கடல் மணலைக் கலந்துவிடுவார்கள். உப்பு மணலில் போட்ட தரை மழைக்காலத்தில் வியர்க்கும், வெள்ளையாகப் பூத்துப் பொரிந்துபோகும். அதனால் வீடு கட்டுகிறவர்கள் மணலை வாயில் போட்டுப் பார்ப்பார்கள். ஒரு லோடுக்கு ஒரு சிட்டிகை என்பது வழக்கம். நான் கூடைக்கு ஒரு சிட்டிகை போட்டேன், மச்சான் எதிரிலேயே. முதல் நாள் அவர் சிரித்தார். மூன்றாம் நாள் சிரிக்கவில்லை.

தரை அருமையாக வந்தது. குனிந்தால் முகம் தெரிந்தது. பங்குச் சாமியாரை அழைத்து வீட்டை மந்திரித்துக் குடிபோனோம். ஐப்பசி மழை பிடித்ததும் கூடத்தின் மூலைகளில் ஈரம் கசிந்தது. காய்ந்ததும் வெள்ளை பூத்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

எனக்கு அதிர்ச்சியே இல்லை. உண்மையைச் சொன்னால், நினைத்தது சரியாகிவிட்டதே என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி. மச்சானை வரவழைத்து, நான் வேலைக்குப் போன நேரம் பார்த்துக் கடல் மணலைக் கலந்துவிட்டாயா என்று மரியாதையை விட்டு, தெருவே கேட்கும்படி கேட்டேன். அவர் குனிந்து மூலையைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார்.

"கலக்கல மாப்ள."

சொல்லிவிட்டு வாசலிறங்கிப் போய்விட்டார். வாதாடாமல் போனதே போதும், குற்றம் அவருடையதுதான் என்று நான் முடிவு கட்டினேன். அதே தெருவில் அவருக்குப் பேசி வைத்திருந்த இரண்டு வீட்டு வேலையும் என் வாயால் கைநழுவின. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர் வரவில்லை, அடுத்ததற்கும் வரவில்லை. மனைவி பலகாரம் சுட்டு வைத்துவிட்டு வாசலைப் பார்ப்பாள். நான் கவனிக்காததுபோல் இருப்பேன்.

இரண்டு வருடம் கழித்து, பெயர்த்துவிட்டு வேறு தரை போடலாமென்று தண்டையார்பேட்டையிலிருந்து இன்னொரு மேஸ்திரியைக் கூட்டிவந்தேன். அவர் நடுக்கூடத்தில் கொஞ்சம் கொத்திப் பார்த்தார், பிறகு மூலைகளைக் கொத்திப் பார்த்தார்.

"மணலு சுத்தமாத்தான் கீது சார். மூலைல மட்டும் கீழ உப்ப கொட்டிக்கீறாங்க."

உடனே மனதுக்குள் ஆள் தேட ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டுக்காரனா? அன்றைக்கு வந்த சித்தாளா?

மேஸ்திரி போன பிறகு மனைவி அடுப்படியிலிருந்து வந்து, தான்தான் என்றாள். மாதா கோயிலில் மந்திரித்துக் கொடுத்த உப்பை, தரை போடுவதற்கு முந்தின நாள் நான்கு மூலையிலும் கைப்பிடி கைப்பிடியாகப் புதைத்திருக்கிறாள். அண்ணன் பார்த்துவிட்டு, இது பூத்துவிடும், எடுத்துவிடு என்றாராம். ஆனால் மந்திரித்த உப்பை வாரிக் குப்பையில் கொட்ட இருவருக்குமே கை வரவில்லை. அவர் அதன் மேலேயே பூசிவிட்டார்.

எதற்கு வைத்தாய் என்று கேட்டேன்.

"இந்த வூட்லயாவது சண்ட இல்லாம இருக்கணும்னுதான்."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன்.

"உன்னாண்ட சொல்ற மாரியா நீ இருந்த?" கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது.

அன்று மாலையே ராயபுரம் போனேன். மச்சான் வாசலில் உட்கார்ந்து சிமெண்ட் பூசும் கரணையைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் எல்லாம் சொல்லிவிட்டாள், தப்பு என்னுடையது, மன்னிக்க வேண்டும் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் கரணையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். முகத்தில் கோபத்தைத் தேடினேன்; பயம்தான் இருந்தது.

"தங்கச்சிய ஒண்ணும் சொல்லிடலியே மாப்ள?" என்று கேட்டார்.